பிள்ளையாருக்குக் குட்டிக்கொண்ட மினிபஸ்

சிங்கப்பூரில், பிடோக்கில் அண்ணாதுரை என்று ஒருவர் இருக்கிறார் என்று சொன்னால், முன்பெல்லாம் பிடோக்கிலேயே யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். இருப்பதே தெரியாமல் இருப்பதில் அவருக்கு அப்படி ஒரு கைராசி. கடைத்தொகுதி வாசலில் ஆளைக் கண்டதும் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு இருக்கிறதல்லவா? அது பூனைக்குத் திறக்கும், காற்றில் உருண்டு வரும் பிளாஸ்டிக் பைக்குத் திறக்கும், அண்ணாதுரைக்கு மட்டும் திறக்காது. பின்னால் வேறு யாராவது வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். வந்தவரின் நிழலோடு நிழலாக ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைவார். கோப்பிக் கடையில் அவர் பால் விடாத கோப்பி-ஓ கேட்டால், அது பக்கத்து மேசைக்குப் போகும். டெங்கிக் காய்ச்சல் காலத்தில் அடுக்குமாடி முழுவதையும் வீடு விடாமல் கடித்த கொசுக்கள் அவரை மட்டும் தாண்டிப் போயின. அதற்காக அவர் சந்தோஷப்பட்டார் என்றா நினைக்கிறீர்கள்? உள்ளூர ஒரு சின்ன வருத்தம்தான்.

கல்யாணப் படத்தில்கூட மாலைக்குப் பின்னால் ஒரு மூக்கு நுனிதான் தெரியும். அது அவருடைய மூக்குதான் என்று மனைவி தேவானை சத்தியம் செய்வார். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் மீ கோரெங் என்கிற வறுத்த நூடுல்ஸ் விற்கும் தேவானைக்குக் குரல் அதிகம். அவர் பிடோக்கில் தும்மினால் பாசிர் ரிஸ்ஸில் யாராவது "நூறு வயசு" என்பார்கள். அந்தக் குரலுக்குப் பக்கத்தில் வாழ்ந்து வாழ்ந்து அண்ணாதுரைக்குப் பேச்சு தேவைப்படவில்லை. அவருக்கு மினிபஸ் ஒன்று போதும். வார நாட்களில் பள்ளிப் பிள்ளைகள், வார இறுதியில் கல்யாணம், காதுகுத்து. எல்லோரையும் ஏற்றி இறக்குவார். இறங்கியவர்கள் வண்டியைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள்.

இப்படி இருந்த மனிதருக்குத்தான் ஓர் ஆயுத பூஜைக்கு அடுத்த நாள் அதிர்ஷ்டம் அடித்தது.

காத்தோங்கில் சிலோன் ரோட்டில் செண்பக விநாயகர் கோயிலுக்கு ஒரு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போனார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கோயிலுக்குச் சற்று முன்னால் சாலையில் ஒரு சின்ன மேடு. வண்டி அதில் ஏறி இறங்கியதும், முன்கண்ணாடியில் படுத்திருந்த வைப்பர்கள் இரண்டும் எழுந்தன. அந்த வண்டியின் வைப்பர்கள் ஒரே பக்கம் சாய்கிற ரகம் இல்லை. இடமும் வலமுமாகப் படுத்திருந்து, நடுவில் வந்து சந்திக்கிற ரகம். சந்தித்தன. டக், டக் என்று இரண்டு முறை கண்ணாடியைக் குட்டின. பிறகு அடக்கமாக இறங்கிப் படுத்துக்கொண்டன.

நெற்றிப்பொட்டில் இரண்டு கையாலும் குட்டிக்கொண்டு பிள்ளையாரைக் கும்பிடுகிறோமே, அச்சு அசல் அது.

வண்டிக்குள் எல்லோரும் முன்கண்ணாடியை எட்டிப் பார்த்தார்கள். பிறகு யாரோ, "அண்ணே, நீங்களா தட்டுனீங்க?" என்று கேட்டார். அண்ணாதுரை இடது கையை உயர்த்திக் காட்டினார். வைப்பருக்கான கம்பி இடப்பக்கம் அல்லவா?

"நான் தொடல," என்றார். அவர் வாழ்க்கையில் ஒரு கூட்டமே கேட்கப் பேசிய முதல் வாக்கியம் அது.

திரும்பி வரும்போதும் அதே மேட்டில் அதே கும்பிடு. மறுநாள் பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் தனியாகப் போய்ப் பார்த்தார். மறுபடியும் கும்பிடு. அந்த வார முடிவுக்குள் செய்தி தேக்கா சந்தைக்குப் போய், மீன்கடையில் செதில் உரசப்பட்டு, பூக்கடையில் நாரில் கோக்கப்பட்டு, ஆளுக்கொரு முழமாக வீடு வந்து சேர்ந்தது. வண்டி கும்பிடுகிறது என்று கிளம்பிய சேதி, செராங்கூன் ரோட்டைத் தாண்டும்போது வண்டி மந்திரம் சொல்கிறது என்று ஆகியிருந்தது. கல்யாண வீட்டார் நாள் குறிப்பதற்கு முன்னால் அண்ணாதுரையைக் கூப்பிட்டு, "பஸ் எப்ப ஃப்ரீ?" என்று கேட்டார்கள்.

அண்ணாதுரை மாறிப்போனார். மேடு வரும் முன்பே வேகத்தைக் குறைப்பார், தொண்டையைக் கனைப்பார். ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு இடது கையை மெல்ல உயர்த்துவார், மந்திரவாதி கைக்குட்டையை உதறிக் காட்டுவதைப் போல. வண்டி முழுவதும் கழுத்தை நீட்டும். டக், டக். தேக்காவில் அவருக்கு "வைப்பர் அண்ணே" என்று பேர். கோப்பி-ஓ இப்போது சரியான மேசைக்கு வந்தது. ஒரு நாள் ஒரு கொசுகூட அவரைக் கடித்தது. வீட்டுக்கு வந்து அந்தத் தடிப்பைத் தேவானையிடம் காட்டினார்.

"ஆமா, பெரிய பரிசு வாங்கிட்டு வந்துட்டாரு," என்றார் தேவானை.

ஆனால் பக்தி முற்றினால் என்ன ஆகும்? வண்டிக்கும் முற்றியது. பிள்ளையாரோடு நிற்காமல் டுரியான் கடையைக் கும்பிட்டது. பரோட்டாக் கடையைக் கும்பிட்டது. ஒரு நாய்க்குட்டியை, அதுவும் நின்று நிதானமாக, மூன்று தடவை கும்பிட்டது. பரீட்சை நடக்கும் பள்ளி வாசலில் ஹாரன் தானாக முழங்கிற்று. சிவப்பு விளக்கில் நிற்கும்போது கதவு விரிந்து திறந்து வழிப்போக்கர்களை வாங்க வாங்க என்றது. ஒரு மலாய்க்காரப் பெரியவர் மரியாதைக்கு மறுக்க முடியாமல் ஏறி உட்கார்ந்து பிடோக் வரை வந்துவிட்டார். கடைசியில் ஒரு வியாழக்கிழமை, உள்ளே இருந்த விளக்குகளெல்லாம் தீபாவளி மாதிரி மின்னி மின்னி அணைய, வண்டி நடுச்சாலையில் மூர்ச்சையானது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் காந்திமதி வீட்டுக் கல்யாணம்.

காந்திமதிக்குக் கேம்பல் லேனில் வளையல் கடை. பாசிர் ரிஸ்ஸில் வீடு. மகள் இனியாவுக்குச் செண்பக விநாயகர் கோயிலில் முகூர்த்தம். மாப்பிள்ளையின் அம்மா விசாலாட்சி எதையும் நம்பாத பிறவி. மழையில் நனைந்துகொண்டே, "மழையா பேயுது?" என்று கேட்கிற ரகம். காந்திமதி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "பொண்ணு வர்ற பஸ்ஸே பிள்ளையாருக்குக் குட்டிக்கும், வாசல்ல நின்னு பாருங்க," என்று சொல்லிவிட்டார். விசாலாட்சி, "பாப்போம் லா," என்றார். அந்த "லா"வில் இருந்த நக்கலைக் கேட்ட நாளிலிருந்து காந்திமதிக்குத் தூக்கம் இல்லை. ஞாயிறு காலை வண்டி கும்பிடாவிட்டால் காந்திமதி சம்பந்தி முன்னால் தலைகுனிய வேண்டும். அண்ணாதுரைக்கு அதைவிட மோசம். கண்ணாடிக் கதவு திறக்காத மனிதராக மறுபடியும் ஆகிவிடுவார்.

வண்டியை இழுத்துக்கொண்டு போன இடம் காக்கி புக்கிட்டில் பதுருன்னிசாவின் பட்டறை. வண்டிகளின் மின்சாரக் கோளாறு பார்ப்பதில் நிசாவை மிஞ்ச ஆள் இல்லை. வாயிலும் அப்படியே. அப்பா வழியில் கடையநல்லூர், அம்மா வழியில் கேலி. மூன்று தலைமுறையாகச் சிங்கப்பூர். தலையில் முக்காடு, அதற்கு மேல் நெற்றி விளக்கு. ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே மல்லாந்து படுத்து, மூடியைக் கழற்றி, உள்ளே பார்த்தவர் மூக்கை உறிஞ்சினார்.

"அண்ணே, இங்க வாங்க. மூக்கைக் கிட்டக் கொண்டாங்க."

அண்ணாதுரை குனிந்தார். "சந்தனம் மணக்குது."

"கருகுன வாசனை பாத்திருக்கேன். எலி வாசனை பாத்திருக்கேன். ஒருத்தர் வண்டியில சம்பல் வாசனைகூட பாத்திருக்கேன். சந்தனம் மணக்குற கண்ட்ரோல் மாட்யூல இன்னைக்குத்தான் பாக்குறேன்."

உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. வைப்பர், ஹாரன், விளக்கு, கதவு எல்லாவற்றுக்கும் உத்தரவு போடுவது அதுதான். அதன் மேலே சந்தனம் அடை அடையாகக் காய்ந்திருந்தது. நடுவில் குங்குமம். கம்பிகள் வந்து சேரும் இடத்தில் பன்னீர் இறங்கிப் பச்சைப் பாசியாகப் பூத்திருந்தது. நிசா இடுக்கியை விட்டு எதையோ உருவினார். ஒரு காய்ந்த மல்லிகை.

"இது என்ன ஸ்பேர் பார்ட்டுண்ணே?"

அண்ணாதுரை தரையைப் பார்த்தார். ஆயுத பூஜை அன்று எல்லோரும் டயருக்குப் பொட்டு வைப்பார்கள், கண்ணாடிக்குப் பட்டை போடுவார்கள், முன்னால் மாலை கட்டுவார்கள். உள்ளே யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்து எல்லா வேலையையும் பார்க்கிற பெட்டி ஒன்று இருக்கிறது என்று எப்போதோ ஒரு மெக்கானிக் காட்டியதிலிருந்து அவருக்கு மனசு கேட்கவில்லை. வருஷா வருஷம் மூடியைக் கழற்றி அதற்கும் சந்தனம், குங்குமம், ஒரு பூ, நாலு சொட்டுப் பன்னீர்.

"பாவம்ல," என்றார். "அத யாருமே கண்டுக்கிறதில்ல."

நிசா படுத்தபடியே அவரை ஒரு தரம் பார்த்தார். சிரிக்க வாயெடுத்து, ஏனோ சிரிக்கவில்லை.

"கேட்டுக்குங்க. அந்த மேட்டுல வண்டி ஏறி இறங்குறப்ப இந்தப் பெட்டி ஒரு ஆட்டம் ஆடும். பாசி புடிச்ச கம்பி ரெண்டு ஒண்ணோட ஒண்ணு முட்டும். வைப்பருக்கு உத்தரவு போயிரும். டக், டக். மொதல்ல அந்த ஒரு மேட்டுக்குத்தான் ஆடிருக்கும். போகப் போக எல்லாக் குழிக்கும் ஆடுது. இதுக்கு மேல வெச்சு ஓட்டுனா ஹைவேல கதவு தொறந்துக்கும். மாத்தியே ஆகணும்."

"மாத்துனா?"

"புத்தி தெளிஞ்சிரும்."

"கும்பிடாதா?"

"மழைக்குத் தொடைக்கும். அவ்வளவுதான்."

அண்ணாதுரை ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்தார். பிள்ளைகள் ஏறுகிற வண்டி. ஒரே ஒரு வேண்டுகோள்தான் வைத்தார். மாற்றுவதை நல்ல நேரத்தில் மாற்ற வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை புதுப் பெட்டி வந்துவிட்டது. பத்தரைக்கு இராகு காலம் பிறக்கிறது, அதற்குள் முடிக்க வேண்டும் என்று அண்ணாதுரை கைக்கடிகாரத்தை ஏந்திக்கொண்டு நின்றார். நிசா மின்கலத்தின் கம்பியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

"ஏம்மா சும்மா நிக்கிற?"

"உள்ள மிச்சம் இருக்கிற கரண்ட் இறங்கணும்ணே. சூட்டோட புடுங்குனா புதுசும் போயிரும்."

பிறகு பழைய பெட்டியின் பூட்டுகளை நெம்பி, கம்பிக்கொத்துகளை உருவினார். பாசி பிடித்த முனைகளை வெட்டி எறிந்து புது முனைகளைப் பொருத்தினார். புதுப் பெட்டியைத் திருகி உட்காரவைத்துக் கொத்துகளைச் செருக, ஒவ்வொன்றும் 'க்ளிக்' என்று சொன்னது. மின்கலத்தை மாட்டி, அது களைத்துவிடாமல் இருக்க ஒரு சார்ஜரையும் இணைத்தார்.

"ஆச்சா?" என்றார் அண்ணாதுரை.

"பொறந்திருக்கு. இன்னும் பேர் வெக்கல. இது எந்த வண்டி, என்னென்ன இருக்கு, எந்தச் சாவி அதோடதுன்னு சொல்லிக் குடுக்கணும். எல்லாச் சாவியும் எங்க?"

ஒன்று கையில் இருந்தது. இன்னொன்று வீட்டில் பூஜை மாடத்தில், மஞ்சள் டப்பாவுக்குள், பாதுகாப்பாக இருந்தது. தேவானைக்குப் போன் போனது. சாவியோடு ஓர் எலுமிச்சம்பழம், தேங்காய், சூடம், ஆரத்தித் தட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று எல்லோருக்கும் மீ கோரெங், இவ்வளவும் எடுத்துக்கொண்டு தேவானை வந்து இறங்கினார். சாவி மஞ்சள் பூசி மங்களகரமாக இருந்தது. நிசா அதைத் துடைத்துத் துடைத்துச் சலித்தார்.

"அண்ணி, சூடத்த மட்டும் பத்த வெச்சிராதீங்க. சுத்தி எண்ணெய். ஒரே தட்டுல நம்ம எல்லாருக்கும் ஆரத்தி ஆயிரும்."

மடிக்கணினியை இணைத்துவிட்டு நிசா கையை உயர்த்தினார். "இனிமே இந்தக் கோடு முழுசா பச்சையாகுற வரைக்கும் யாரும் வண்டியத் தொடக்கூடாது. கதவத் தொறக்கக்கூடாது. தும்மல் வந்தா வெளிய போய்த் தும்முங்க. அண்ணி, உங்களத்தான் சொல்றேன்."

கோடு நகர்ந்தது. ஆமை அதைப் பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருக்கும். பத்தரை நெருங்க நெருங்க அண்ணாதுரை கடிகாரத்தையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல நேரத்துக்குள் ஒரு பொட்டாவது வைத்துவிட்டால் தேவலை என்று பட்டது. பெட்டி மேல் வேண்டாம், ஸ்டீயரிங்கில் ஓரமாக ஒன்று. நிசா தேவானையின் மீ கோரெங்கில் கவனமாக இருந்த நேரம் பார்த்து, விரலில் குங்குமத்தோடு, பூனை நடை நடந்து, கதவை ஓர் அங்குலம் திறந்தார்.

மடிக்கணினி 'பேங்' என்று அலறிற்று. பச்சைக் கோடு சிவந்தது.

நிசா வாயில் தொங்கிய நூடுல்ஸோடு திரும்பினார். "யாரு?"

அண்ணாதுரையின் விரல் நுனியில் குங்குமம் சிவப்பு விளக்காக எரிந்தது.

"மறுபடியும் முதல்லேர்ந்து," என்றார் நிசா.

"இப்ப இராகு காலமாச்சே."

"இதுக்கு இராகு தெரியாதுண்ணே, வோல்டேஜ்தான் தெரியும். போங்க, அந்த டயர் மேல போய் உக்காந்து ரெண்டு கையயும் தலைமேல வெச்சுக்குங்க. எனக்குத் தெரியுற மாதிரி."

ஆகவே புதுப் பெட்டி சுத்தமான இராகு காலத்தில், ஒரு கோளாறும் இல்லாமல், பேர் சூட்டிக்கொண்டு பிறந்தது. தேவானை வாசலில் தேங்காய் உடைத்தார். சக்கரத்தின் கீழே எலுமிச்சை நசுங்க, நிசாவையும் ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியது. டுரியான் கடை போயிற்று, ஒன்றும் இல்லை. பரோட்டாக் கடை போயிற்று, திரும்பியும் பார்க்கவில்லை. சிலோன் ரோட்டு மேட்டில் ஏறி இறங்கிற்று. வைப்பர்கள் அசையவில்லை. அண்ணாதுரை மறுபடியும் சுற்றிவந்தார். மறுபடியும். நாலாவது சுற்றில் நிசாவுக்கே மனசு கேட்கவில்லை.

"சரி லா, ஒரு சுவிட்ச் வெச்சுத் தரவா? மிதிகட்டைக்குப் பக்கத்துல, ஒருத்தருக்கும் தெரியாது. கால்ல ஒரு தட்டு, வைப்பர் கும்பிடும். கைய நீங்க ஊருக்கே காட்டிக்கலாம்."

அண்ணாதுரையின் இடது கால் கட்டைவிரல் தினவெடுத்தது உண்மை. ஆனாலும் அவர் தலையை ஆட்டினார்.

"பிள்ளையாருக்குக் கால் விரலால கும்பிடு போடச் சொல்றியா? நான் தொடலன்னு ஊர் பூரா சொல்லிட்டேன். அத மட்டும் பொய்யாக்க வேணாம்."

நிசா பழைய பெட்டியைத் துடைத்து ஒரு பையில் போட்டு அவரிடம் கொடுத்தார். "இத எடுத்துக்குங்க. இனிமே சந்தனம், பன்னீர், பாலு, தேனு எல்லாம் இதுக்கு. புதுசு பக்கம் போனீங்கன்னா அண்ணிகிட்ட சொல்லிருவேன்."

சனிக்கிழமை அண்ணாதுரை கேம்பல் லேனுக்குப் போனார். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு. வாசகம்கூடத் தயார்: 'வண்டி இனிமே கும்பிடாதுங்க.' ஆனால் காந்திமதியின் கடையில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமானால் முன்கூட்டியே சீட்டு எடுக்க வேண்டும்.

"வாங்கண்ணே வாங்க. உக்காருங்க. வண்டி ரெடியா? சம்பந்தியம்மா நேத்தும் போன் பண்ணிக் கிண்டல். 'உங்க பஸ்ஸு தேவாரம் பாடுமா'ங்குறாங்க. நாளைக்கு இருக்கு அவங்களுக்கு. இந்தாங்க, லட்டு."

"அது வந்து, வண்டி…"

"பேசாம சாப்பிடுங்க. அண்ணிக்கு என்ன அளவு வளையல்?"

வாயில் லட்டும் கையில் வளையலுமாக அவர் தெருவில் நின்றார். அவ்வளவுதான் நடந்தது.

ஞாயிறு காலை. பாசிர் ரிஸ் அடுக்குமாடியின் கீழ்த்தளத்திலிருந்து பெண்வீட்டுக் கூட்டம் வண்டியில் ஏறியது. மணப்பெண்ணின் அத்தைகள் நல்ல வளர்த்தி. சித்தப்பாக்கள் அதைவிட. பட்டுச் சேலையும் சீர்த்தட்டும் நாதஸ்வரக்காரருமாக ஏற ஏற வண்டி அரை முழம் தாழ்ந்தது. முன்பலகையில் பிள்ளையார் பொம்மைக்குப் பக்கத்தில் பழைய கறுப்புப் பெட்டி சந்தனம் அப்பி, மல்லிகை சூடி உட்கார்ந்திருந்தது.

"இது என்னண்ணே?" என்று கேட்டார் முன் இருக்கையில் இருந்த இனியா.

"ரொம்ப நாள் உள்ளயே இருந்துச்சும்மா. கொஞ்சம் வெளிய பாக்கட்டுமேன்னு."

சிலோன் ரோடு வந்தது. கோயில் வாசலில் மாப்பிள்ளை வீட்டார் திரண்டு நின்றார்கள். நடுவில் விசாலாட்சி, கைகளை இறுகக் கட்டிக்கொண்டு. அண்ணாதுரை வண்டியை மெல்ல மேட்டில் ஏற்றினார். அதே நேரம், முன்னால் போன மாப்பிள்ளையின் கார் ஆரத்திக்காக நின்றுவிட்டது. வண்டியும் மேட்டின் உச்சியிலேயே, எல்லோர் கண்ணுக்கும் எதிரே, நின்றுபோனது. அண்ணாதுரை கைபிரேக்கை இழுத்தார்.

உள்ளே நாதஸ்வரம் ஓய்ந்தது. கழுத்துகள் நீண்டன. பழக்கதோஷம், அவருடைய இடது கை தானாக மேலே போனது. போன கை அங்கேயே நின்றது. கண்ணாடியில் வைப்பர்கள் சாப்பிட்டுவிட்டுப் படுத்த சித்தப்பாக்களைப் போலக் கிடந்தன. ஓர் அத்தை, "இப்ப பாரேன்," என்றார். பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. வெளியே விசாலாட்சியின் உதட்டோரம் மெல்ல வளைந்தது.

அண்ணாதுரைக்குத் தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கோபுரத்தைப் பார்த்தார். 'சந்தனத்த வெச்சுக் கெடுத்தது நான்தான், மன்னிச்சுக்கோ' என்று மனசுக்குள் சொல்லி, அந்தக் கையாலும் மற்றக் கையாலும் நெற்றியில் குட்டிக்கொண்டார். பிறகு கைகளை மாற்றி இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு, இருக்கையிலேயே ஒரு தோப்புக்கரணம் போட்டார்.

காந்திமதி பின்னாலிருந்து இதைப் பார்த்தார். இத்தனை நாளாக அந்தக் கை உயர்ந்தால் ஏதோ நடக்கப்போகிறது என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி. இன்று அண்ணன் புதிதாக ஒன்று காட்டுகிறார் போலும்.

"அண்ணன் காதப் புடிச்சுட்டாரு," என்றார் உரக்க. "எல்லாரும் எந்திரிங்க. ம், போடுங்க."

அத்தைகள் எழுந்தார்கள். சித்தப்பாக்கள் எழுந்தார்கள். நாதஸ்வரக்காரர் வாத்தியத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். மணப்பெண் மாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எல்லோரும் காதைப் பிடித்துக்கொண்டு ஒரே சமயத்தில் உட்கார்ந்து ஒரே சமயத்தில் எழுந்தார்கள்.

வெளியே நின்றவர்கள் கண்டது இதுதான். மாலை போட்ட ஒரு மினிபஸ் பிள்ளையார் கோயிலுக்கு முன்னால் வந்து மரியாதையாக நின்றது. பிறகு முழங்காலை மடித்துத் தரைவரை தாழ்ந்தது. பெருமூச்சு விட்டு நிமிர்ந்தது. மறுபடியும் தாழ்ந்தது. நிமிர்ந்தது. வண்டியைத் தாங்கும் வில்தகடுகள் ஒவ்வொரு தடவையும் 'கணேசா, கணேசா' என்று கிறீச்சிட்டதாக இன்றைக்கும் சாதிப்பவர்கள் காத்தோங்கில் உண்டு. கணக்கு வைத்து பஸ் தோப்புக்கரணம் போட்டது. ஆரத்தித் தட்டு ஏந்தி நின்ற பெண்கள் தட்டை ஆட்ட மறந்தார்கள். பூக்காரர் தொடுத்த சரத்தை நழுவவிட்டார். விசாலாட்சியின் கட்டிய கைகள் தாமாக அவிழ்ந்தன. அவை மெல்ல உயர்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேள்வி கேட்காமல், அவருடைய நெற்றியில் குட்டின. டக், டக்.

கதவு திறந்ததும் அவர்தான் முதலில் ஓடிவந்தார். "சம்பந்தி, வைப்பர்னுல்ல சொன்னீங்க? முழு வண்டியுமே போடுது."

காந்திமதிக்கு என்ன நடந்தது என்றே விளங்கவில்லை. ஆனால் வளையல் வியாபாரி, சரக்கு எப்படிப் போனாலும் விலை சொல்லத் தெரிந்தவர். "உங்களுக்காக இன்னைக்கு ஸ்பெஷல்," என்றார்.

அண்ணாதுரையால் தாங்க முடியவில்லை. இறங்கி வந்து விசாலாட்சி முன்னால் நின்றார். "அம்மா, வண்டி ஒண்ணும் பண்ணல. பெட்டிய மாத்தியாச்சு. இனிமே அது கும்பிடாது. உள்ள இருந்தவங்கதான் தோப்புக்கரணம் போட்டாங்க. அதுல ஆடிருக்கு."

விசாலாட்சி அவரை ஏற இறங்கப் பார்த்தார். நம்பாத பிறவி, நம்பாமையை அத்தனை சீக்கிரம் விட்டுவிடுமா?

"போங்கண்ணே, சும்மா அடக்கத்துக்குச் சொல்றீங்க. என் கண்ணால நான் பாத்தேன்."

"நெஜமாம்மா. நான் தொடல, வண்டியும் கும்பிடல."

"பாத்தீங்களா, பெரிய மனுஷங்க இப்படித்தான்," என்று அவர் எல்லோரையும் பார்த்துச் சொன்னார். "மாப்பிள்ளைக்கு அடுத்த மாலைய இவருக்குப் போடுங்க."

போட்டார்கள். இந்தத் தடவை படம் எடுத்தவர் அண்ணாதுரையின் மோவாயைப் பிடித்து, மாலையை விலக்கி, முகம் முழுவதும் விழும்படி எடுத்தார்.

அன்றிலிருந்து அவர் வண்டியில் சிலோன் ரோட்டுப் பக்கம் யார் போனாலும் வாசலில் ஒரு நிமிஷம் நிறுத்துவார். முன்பலகையில் சந்தனம் பூசிய பெட்டி பார்த்திருக்க, எல்லோரும் எழுந்து தோப்புக்கரணம் போடுவார்கள். வண்டியும் போடும். வில்தகடு தேய்கிறது என்று நிசா தலையில் அடித்துக்கொள்கிறார். அடுத்து அதை மாற்ற வேண்டியிருக்குமாம், ஆனால் நல்ல நேரம் கேட்டால் பட்டறைக்குள் விடமாட்டாராம்.

கல்யாணம் முடிந்த மறுநாள் தேவானையோடு பிடோக் கடைத்தொகுதிக்குப் போனார் அண்ணாதுரை. தேவானை காய்கறிக்காரரிடம் பேரம் பேசப் பின்தங்க, இவர் கண்ணாடிக் கதவின் முன்னால் தனியாக நின்றார். கதவு திறக்கவில்லை. கையைக் காட்டினார். ம்ஹூம்.

"என்ன, மறுபடியும் கண்டுக்கலியா?" என்று தேவானையின் குரல் சந்தை தாண்டி வந்தது. "காதப் புடிங்க."

அண்ணாதுரை இடமும் வலமும் பார்த்தார். காதைப் பிடித்துக்கொண்டு ஒரு தரம் உட்கார்ந்து எழுந்தார். கதவு இரண்டு பக்கமும் விரிய, குளிர்காற்று வந்து முகத்தில் மோதியது. அவர் நிமிர்ந்து உள்ளே நடந்தார். பின்னால் காய்கறிப் பையோடு நின்றிருந்த சீனப் பெண்மணி கதவை ஒரு தரம் பார்த்தார், அவரை ஒரு தரம் பார்த்தார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, மெல்லத் தன் காதுகளைத் தேடிப் பிடித்தார்.